தந்தூரி ஹோட்டலுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

வட இந்தியச் சாப்பாடு கிடைக்கும் ஏ.சி. ரெஸ்டாரன்ட்டுக்குக் குடும்பத்தோடு முதன்முறை போகிற வாசகர்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஹோட்டல் அடுப்படியும் சர்வீஸும் நன்கு தெரிந்தவர்கள் தரும் பதில்கள் இங்கே.

மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அவள் ஆசைப்பட்டதால் மதுரையில் ஒரு வட இந்திய ரெஸ்டாரன்ட்டுக்குப் போகிறோம். நாங்கள் இருவர், 72 வயது மாமியார், 17, 14, 8 வயதில் மூன்று பிள்ளைகள். மெனு கார்டு பெரிய புத்தகமாக இருக்கும் என்கிறார்கள். எதை, எவ்வளவு ஆர்டர் செய்வது?
வாசகி, தேனி

மெனுவில் நூற்றைம்பது பெயர் இருந்தாலும் அடுப்படியில் காலையிலேயே தயாராகி இருப்பது நான்கே நான்கு அடிப்படைக் கிரேவிகள்தான். இது தெரிந்துவிட்டால் பாதி மலைப்பு போய்விடும்.

முதலாவது சிவப்பு. தக்காளி, முந்திரி, வெண்ணெய், கசூரி மேத்தி (காய்ந்த வெந்தயக் கீரை) சேர்த்த மக்கனி கிரேவி. பனீர் பட்டர் மசாலா, பட்டர் சிக்கன் இரண்டும் இதிலிருந்து வருபவை. லேசாக இனிக்கும். இரண்டாவது பழுப்பு. வெங்காயத்தையும் தக்காளியையும் எண்ணெய் பிரியும் வரை வதக்கியது. கடாய், தோ பியாசா, ‘மசாலா’ என்று முடியும் பெரும்பாலான ஐட்டங்கள் இந்த வகை. நம் நாக்குக்கு இதுதான் நெருக்கம். மூன்றாவது வெள்ளை. வேகவைத்த வெங்காயம், முந்திரி, கிரீம் சேர்ந்தது. ஷாஹி பனீர், நவரத்ன குருமா போன்றவை இதில் அடங்கும், பல இடங்களில் மலாய் கோஃப்தாவும். நான்காவது பச்சை, பாலக் கீரை.

முதன்முறை போகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு, சைவத்துக்கு ஒரு பனீர் பட்டர் மசாலா, அசைவத்துக்கு ஒரு பட்டர் சிக்கன் என்று கேட்பது. இரண்டு கிண்ணத்திலும் ஒரே சுவை. நான்காவது வாயில் திகட்டிவிடும். ஒரு நிறத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் ஒன்று, பழுப்பில் ஒன்று, கூடவே அடிப்படைக் கிரேவி எதிலும் சேராத ஒரு பருப்பு. தால் மக்கனி என்பது முழுக் கறுப்பு உளுந்தையும் ராஜ்மாவையும் சிறு தீயில் பல மணி நேரம் வேகவைத்துச் செய்வது. அவசரத்தில் செய்ய முடியாத பண்டம் என்பதால் நல்ல ஹோட்டலை இதை வைத்தே எடைபோடலாம். சுட்ட கத்தரிக்காயில் செய்யும் பைங்கன் பர்த்தா கிடைத்தால் விடாதீர்கள். பனீரையே சுற்றிச் சுற்றி வருவதால் இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

இனி அளவு. ஒரு கிரேவி கிண்ணத்தில் பொதுவாக 250 முதல் 300 கிராம் இருக்கும், இரண்டு மூன்று பேருக்கு வரும். ஹோட்டலுக்கு ஹோட்டல் இது மாறும் என்பதால் ‘எத்தனை பீஸ் வரும்?’ என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், தினமும் கேட்கப்படும் கேள்விதான். உங்கள் ஆறு பேருக்கு இப்படி ஆரம்பிக்கலாம்:

சூப் ஒரே வகையில் இரண்டு, ‘ஒன் பை டூ’ என்று சொல்லுங்கள். நான்கு கிண்ணமாகப் பிரித்துத் தருவார்கள். சின்னப் பிள்ளைக்குத் தனி சூப் வேண்டாம், அதிலேயே வயிறு நிரம்பிவிடும். ஸ்டார்ட்டரில் ஒரு பனீர் டிக்கா, அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஒரு ஹாஃப் தந்தூரி சிக்கன். காரம் ஆகாத 8 வயதுக் குழந்தைக்கு, சிக்கன் சாப்பிடும் என்றால், மலாய் டிக்கா பொருந்தும். கிரீமில் ஊறவைத்துச் சுடுவது, மிளகாய்த்தூள் சேராது. அப்புறம் இரண்டு கிரேவி, ஒரு பருப்பு, முதல் சுற்றுக்கு ஆறு ரொட்டி. கடைசியாக ஒரு ஜீரா ரைஸ் அல்லது பிரியாணியை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். மாமியாருக்கு நாணைவிட, மெல்லிய சப்பாத்தி போன்ற ஃபுல்கா மெத்தென்று இருக்கும். தொட்டுக்கொள்ள மஞ்சள் பருப்பில் செய்த தால் தட்காவைக் காரம் குறைத்துக் கேளுங்கள். பருப்பு ஒன்றுதான் என்று முடிவு செய்தால், அவருக்காக தால் மக்கனியை விட்டுவிட்டு இதையே எடுத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள், முக்கியமானது இது. ஆர்டர் எடுக்க வருபவர் கேப்டன். அவர் எழுதும் கே.ஓ.டி. (அடுப்படிக்கான ஆர்டர்) சீட்டு உள்ளே போன பிறகு ‘அது வேண்டாம்’ என்றால் ரத்து செய்வது கஷ்டம். சூப்பும் ஸ்டார்ட்டரும் முதலில். அவை பாதி தீரும்போது கிரேவியும் முதல் சுற்று ரொட்டியும். சாதம் வேண்டுமா என்பதை அதற்கும் பிறகு முடிவு செய்யுங்கள். பசியோடு உட்கார்ந்ததும் சொல்லும் ஆர்டர் எப்போதும் தேவையைவிடப் பெரியது.

பிள்ளைகள் அதே மெனுவில் நூடுல்ஸ் கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள். சைனீஸ் அடுப்பு தனி, அதற்கு மாஸ்டரும் தனி. அதனால் நூடுல்ஸ் ஒரு நேரத்தில் வரும், உங்கள் நாண் வேறொரு நேரத்தில் வரும். அதை ஸ்டார்ட்டரோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

போகும் முன் போன் செய்து ‘மதியம் தந்தூர் உண்டா?’ என்று கேளுங்கள். நாணும் டிக்காவும் சுடும் களிமண் அடுப்பான தந்தூரைப் பல ஊர்களில் மாலையில்தான் மூட்டுகிறார்கள். ஞாயிறு மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை நெரிசல். பன்னிரண்டேகாலுக்குப் போய் உட்கார்ந்தால் கவனிப்பும் நன்றாக இருக்கும், சூடும் குறையாது.

பட்டர் நாண் வரும்போது பஞ்சு மாதிரி இருக்கிறது. பத்து நிமிடத்தில் ரப்பராகிவிடுகிறதே, மாவில் கோளாறா?
வாசகர், நாமக்கல்

பெரும்பாலும் மாவில் கோளாறு இல்லை. நாண் மைதாவில் செய்வது. தந்தூரின் உட்சுவர் 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். ஆறும்போது மாவுச்சத்து இறுகத் தொடங்குகிறது. மைதாவின் பசைத்தன்மையும் சேர்ந்துகொள்வதால் இழுக்க வேண்டியதாகிறது. வெண்ணெய் தடவினால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். தயிரோ கொழுப்போ சேராத தந்தூரி ரொட்டி இன்னும் சீக்கிரம் விறைத்துவிடும். ரூமாலி ரொட்டி மெல்லியது என்பதால் ஓரம் காய்ந்து உடையும்.

ஆகவே தலைக்கு ஒன்று வீதம் முதலில் வாங்குங்கள். அது முடிய இரண்டு மூன்று வாய் இருக்கும்போதே அடுத்த சுற்றைச் சொல்லுங்கள். வர ஏழெட்டு நிமிடம் ஆகும், கூட்டம் இருந்தால் கூடுதலாகும். ஒரு நாணை இரண்டு பேர் பிய்த்துச் சாப்பிட்டு, அடுத்ததைச் சூடாக வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது.

அம்மா சுத்த சைவம். சைவம், அசைவம் இரண்டும் உள்ள ஹோட்டலுக்கு அழைத்துப் போகலாமா?
வாசகர், கும்பகோணம்

அம்மாவின் கட்டுப்பாடு எதுவரை என்பதைப் பொறுத்தது. தட்டில் அசைவம் இல்லாதிருந்தால் போதும் என்றால் தாராளமாகப் போகலாம். ஒரே அடுப்படி கூடாது என்றால் சைவ ஹோட்டலையே தேர்ந்தெடுங்கள். ஏனென்றால் கலக்கும் இடங்கள் வெளியே தெரியாது. சிக்கன் டிக்கா சுடும் தந்தூரிலேயே நாணும் சுடப்படும். சிக்கன் 65 பொரித்த எண்ணெயில் கோபி 65 பொரிக்கும் இடங்கள் உண்டு. நாண் மாவில் முட்டை சேர்க்கும் அடுப்படிகளும் இருக்கின்றன, சேர்க்காதவையும் இருக்கின்றன. சூப்புக்குக் காய்கறி வேகவைத்த தண்ணீரா, கோழி வேகவைத்த தண்ணீரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஆர்டர் சொல்லும் முன் கேப்டனிடம் மூன்றே கேள்வி: நாணில் முட்டை உண்டா, பொரிக்கும் எண்ணெய் தனியா, வெஜ் சூப்பில் எந்த ஸ்டாக்? ‘தெரியவில்லை’ என்றால் உள்ளே போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். தவாவில் போடும் ஃபுல்காவும் தால் தட்காவும் ஓரளவு பாதுகாப்பான தேர்வு.

மகனுக்கு முந்திரி அலர்ஜி. என்ன வாங்கித் தரலாம்?
வாசகி, திருச்சி

மேலே சொன்ன சிவப்பு, வெள்ளை கிரேவிகள் இரண்டிலும் முந்திரி அரைத்துத்தான் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, எடுத்துப் போடவும் முடியாது. பழுப்பு கிரேவியிலும் கெட்டியாக வர ஒரு கரண்டி முந்திரி விழுது சேர்ப்பது வழக்கம். ‘முந்திரி போடாதீங்க’ என்றால் மேலே தூவுவதை மட்டும் விட்டுவிடுவார்கள். ‘அரைத்த கிரேவியிலும் கூடாது, அலர்ஜி, சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

தோல் தடிப்போடு நிற்கும் லேசான அலர்ஜி என்றால் தால் தட்கா, ரொட்டி, ஜீரா ரைஸ் என்று கேட்டு வாங்கலாம். மூச்சுத் திணறல் வரும் அளவுக்குத் தீவிரமானது என்றால் இந்த வகை ஹோட்டலே வேண்டாம். ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்திலும் போய்வரும் இடம் அது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி அளவையும், அலர்ஜி தரும் பொருள்களின் விவரத்தையும் தர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தந்தூரி சிக்கனின் அந்தச் சிவப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அவ்வளவு காரமா?
வாசகர், விருதுநகர்

காஷ்மீரி மிளகாய் நிறம் அதிகம் தரும், காரம் குறைவு. ஆகவே சிவப்பைப் பார்த்துக் காரத்தை முடிவு செய்ய முடியாது. ஆனால் ஆரஞ்சு கலந்த பளீர் சிவப்பாக இருந்து, கை கழுவிய பின்னும் விரலில் சாயம் நின்றால் அது மிளகாயின் வேலை இல்லை, செயற்கை நிறம். கர்நாடக அரசு 2024-ல் கபாப் வகைகளில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்ததே இதற்காகத்தான். ‘கலர் போடாமல் தாங்க’ என்று கேட்கலாம், ஆனால் காலையிலேயே ஊறவைத்ததில் அதை மாற்ற முடியாது. கலர் உண்டு என்று பதில் வந்தால் மலாய் டிக்காவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ், சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று வரிசையாக வருகிறது. எதைக் கட்டாயம் கட்ட வேண்டும்?
வாசகர், ஈரோடு

வரி கட்டாயம். சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கட்டிவிட்டு வருகிறவர்கள் மிக அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சாதாரண ரெஸ்டாரன்ட்டில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அது 2.5 மத்திய அரசுக்கும் 2.5 மாநில அரசுக்குமாக இரண்டு வரியாக அச்சாகும். ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான். 2017 நவம்பர் வரைதான் ஏ.சி.க்கு 18, ஏ.சி. இல்லாவிட்டால் 12 என்ற வேறுபாடு இருந்தது. ஏ.சி. ஹாலுக்குச் சாப்பாட்டு விலையைக் கூடுதலாக வைப்பது அவர்கள் விருப்பம், வரியைக் கூட்ட முடியாது. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகள் உள்ள பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட்டில் மட்டும் 18 சதவீதம் வரும்.

ஜி.எஸ்.டி. வாங்கினால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை) உள்ள சிறிய ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது.

சர்வீஸ் சார்ஜ் என்பது ஹோட்டல் தானாகச் சேர்க்கும் தொகை, அரசுக்குப் போவதில்லை. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

கணக்கைப் பாருங்கள். 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி 100, மொத்தம் 2,100. பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் 2,200 ஆகிறது, அதன் மேல் வரி 110, மொத்தம் 2,310. அதாவது சார்ஜுக்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள். ‘சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போடுங்க’ என்று அமைதியாகச் சொன்னால் போதும், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டிப்ஸ் வேறு. நன்றாகக் கவனித்தவருக்கு ஐம்பதோ நூறோ அவர் கையிலேயே கொடுங்கள், உரியவருக்குப் போய்ச் சேரும்.

தண்ணீர் விஷயம் ஒன்று. உட்கார்ந்ததும் ‘மினரலா, ரெகுலரா?’ என்பார்கள். ரெகுலருக்குக் காசு இல்லை. பாட்டில் வாங்கினால் அதில் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக ஹோட்டல் வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சண்டை போட்டுப் பயனில்லை.

ஸ்பூன், ஃபோர்க் பழக்கமில்லை. கையால் சாப்பிட்டால் தவறா?
வாசகி, சிவகங்கை

தவறே இல்லை. ரொட்டியைப் பிய்த்து கிரேவியில் தொட்டுச் சாப்பிடுவது கையால்தான் முடியும். சாதமும் கையால் சாப்பிடலாம். முடிவில் வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு போட்ட கிண்ணம் வந்தால், அது விரல் நனைத்துத் துடைக்க.

படிப்புக்காக இங்கிலாந்து வந்திருக்கிறேன். கூடப் படிப்பவர்கள் ‘இந்தியன் ரெஸ்டாரன்ட் போவோம், நீதான் ஆர்டர் சொல்ல வேண்டும்’ என்கிறார்கள். மெனுவில் உள்ள எதையும் நம் வீட்டில் சாப்பிட்டதில்லை!
வாசகர், லெஸ்டர்

அங்கே ‘இந்தியன்’ என்று பலகை வைத்த பழைய கறி ஹவுஸ்களில் பெரும்பாலானவற்றை நடத்துவது வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து போன குடும்பங்கள். பிரிட்டிஷ்காரர்களின் நாக்குக்காகப் பல பத்தாண்டுகளாக உருவான தனிச் சமையல் அது. நம் ஊர்ச் சாப்பாட்டோடு ஒப்பிடாமல் அதன் இலக்கணத்தைப் புரிந்துகொண்டால் நன்றாகவே சாப்பிடலாம்.

பெயர்கள் அங்கே காரத்தின் அளவுகோல். குருமா இனிப்பும் கிரீமும். டிக்கா மசாலா அதற்கு ஒரு படி மேல். பூனா, ரோகன் ஜோஷ் நடுத்தரம். மெட்ராஸ் காரம், விண்டாலு அதைவிடக் காரம், ‘ஃபால்’ என்று ஒன்று இருந்தால் அது உச்சம். மெட்ராஸ் கறிக்கும் சென்னைக்கும் சமையல் தொடர்பு தேட வேண்டாம். ஆனாலும் தக்காளிப் புளிப்பும் மிளகாய்த்தூளும் சேர்ந்த அது நமக்கு ஒத்துப்போகும். பச்சை மிளகாய், குடைமிளகாய் போட்ட ஜல்ஃப்ரேசி, பருப்பு சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாக வரும் தன்சாக் இரண்டும் நல்ல தேர்வு. பக்கத்து நகரமான பர்மிங்ஹாமின் சிறப்பு பால்ட்டி. சிறிய இரும்புச் சட்டியில் சமைத்து அதிலேயே கொண்டுவந்து வைப்பார்கள்.

அங்கும் அடிப்படைக் கிரேவி ஒன்று உண்டு. வெங்காயத்தை நிறைய வேகவைத்து அரைத்தது. கேட்டவுடன் அதை ஊற்றி ஐந்து பத்து நிமிடத்தில் எல்லாக் கறியும் தயாராகும். அதனால் ‘மெட்ராஸ் வேண்டும், கொஞ்சம் காரம் குறைத்து’ என்று கேட்டால் செய்து தருவது எளிது.

உட்கார்ந்ததும் அப்பளமும் மாங்காய் சட்னி, வெங்காயம், ஊறுகாய் கொண்ட தட்டும் வரும். பல இடங்களில் இலவசம் இல்லை, தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். சாதம், நாண் எதுவும் கறியோடு வராது, தனியாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கறி வாங்கித் தனித்தனியாகச் சாப்பிடுவது அங்கே வழக்கம். நீங்கள் சொல்லும் ஆர்டர் என்றால் நான்கு பேருக்கு மூன்று கறி, ஒரு ‘தார்க்கா தால்’ (நம் ஊரில் தால் தட்கா), ஒரு சாக் ஆலு (கீரையும் உருளைக்கிழங்கும்), இரண்டு புலாவ், இரண்டு நாண் என்று வாங்கி நடுவில் வைத்துப் பகிருங்கள். செலவும் குறையும்.

மது விற்கும் உரிமம் உள்ள கடையில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், அது இங்கிலாந்துச் சட்டம். 14 வகை அலர்ஜிப் பொருள்கள் பற்றிய விவரமும் தர வேண்டும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 அல்லது 12.5 சதவீதம் இருக்கலாம். ‘விருப்பத்துக்கு உட்பட்டது’ என்று எழுதியிருந்தால் நீக்கச் சொல்லலாம். 2024 அக்டோபரிலிருந்து அந்தத் தொகையை முழுதாக ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், கவனிப்பு நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். பில்லைப் பங்கு போடப்போகிறீர்கள் என்றால் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

இட்லி, தோசை, கொத்து ரொட்டிதான் வேண்டும் என்று தோன்றினால், லண்டன் போகும்போது ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ இறங்குங்கள்.

மீந்ததைப் பார்சல் கேட்கலாமா? மறுநாள் வரை இருக்குமா?
வாசகி, கரூர்

கேட்கலாம், கட்டித் தருவார்கள். எச்சில் கரண்டி பட்ட கிண்ணத்தை விட்டுவிட்டு, பொதுக் கரண்டியால் பரிமாறியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரீம், பனீர், கோழி சேர்ந்தவை மேசைக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்பே போவது நல்லது. சாப்பிட்டுவிட்டு அடுத்து சினிமா என்றால் பார்சல் வேண்டாம். சாதத்துக்கும் இதே கணக்குதான், அறைச் சூட்டில் கிடந்த சாதத்தை மறுபடி சூடாக்கினாலும் வயிற்றுக்கு ஆகாமல் போகலாம்.

மறுநாள் கிரேவியில் இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் வைத்து, நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அதிக தீயில் வைத்தால் கிரீம் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். நாணின் இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து, சூடான தோசைக்கல்லில் போட்டு ஒரு நிமிடம் மூடி வைத்தால் மறுபடி மெத்தென்று ஆகும். அடுப்பிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட்டுவிடுங்கள், இரண்டாம் முறை ஆறினால் மீளாது.